பாலை வழிக்குப் பணிவே துணை

பாலையைத் திணையாகப் பயின்றவர்கள் நாம். பிரிவுத் துயரைப் பாட நீரற்ற நிலத்தைத் தேர்ந்த புலவர்கள், அந்நிலத்தின் கொடுமையை உணர்ந்தே தேர்ந்தனர். இன்றோ பாலை, பொழுதுபோக்கிற்குரிய இடமாகவும் ஆகிவிட்டது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் ஒன்று கைக்கு வந்துவிட்டால் எந்த மணல்வெளியையும் வென்றுவிடலாம் என்று எண்ணுவோர் பெருகியுள்ளனர். இவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று. உயிருக்கே உலை வைப்பதுமாகும். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம் இதற்குத் தக்க சான்று.

ஏறத்தாழ 1,76,500 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அப்பாலையில், ஆயிரத்திற்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் அலைகளைப்போல் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கு முதலில் வாழ்ந்தோர் வங்கங்குரு பழங்குடியினர். 'மிகிரி' எனப்படும் குறுகிய ஆழ்கிணறுகளைத் தோண்டி, அவை இருக்குமிடம் அறிந்தே அவர்கள் நடமாடினர். 1939ஆம் ஆண்டு மாடிகன் என்னும் நிலவியல் அறிஞர் ஒட்டகங்களுடன் இப்பாலையைக் கடந்தபோது, அவற்றை நடத்திச் சென்றவர்கள் ஜாக் பெஜா, நூர் முகம்மது என்னும் ஆப்கானிய மரபினர். 1962இல் ரெக் ஸ்பிரிக் என்பார் குடும்பத்துடன் முதன்முதலாக மோட்டார் ஊர்தியில் இதனைக் கடந்தார். பழங்குடியினர், ஒட்டகக்காரர், மோட்டார் ஓட்டுநர் ஆகிய மூவகையினர்க்கும் நீரே முதற்கணக்கு, ஏனையவை பின்னரே.

இக்கணக்கை மறந்தோர்க்கு நேர்ந்தது யாது? 1963 டிசம்பரில், இப்பாலையை ஒட்டிய பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பத்தினர் ஐவர் பயணம் செய்தனர். வழி தவறியது, பெட்ரோல் தீர்ந்தது. ஊர்தியை விட்டு அவர்கள் நடந்து சென்றனர். ஊர்தி கிடைத்தது, ஐவரும் நீர்வேட்கையால் மாண்டிருந்தனர். பரந்த வெளியில் நடந்து செல்லும் மனிதன் ஒரு புள்ளி. ஊர்தியோ வானிலிருந்தும் புலப்படுவது, நிழலும் தருவது. எனவேதான் ஊர்தியை விட்டு அகலாதே என்பது பாலைப் பயணத்தின் தலையாய விதியாயிற்று.

பிற விதிகளும் அடக்கத்தையே கற்பிக்கின்றன. கோடையின் கொடுமை கருதி ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அப்பாலைப் பூங்காக்கள் மூடப்படுகின்றன. பொதுவாகக் குன்றுகளின் மேற்குச் சரிவு மென்மையானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. ஆதலின் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வதே எளிது. டயரின் காற்றைச் சாலைக்குரிய 35 பவுண்டு அளவிலிருந்து 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்தால், டயர் அகன்று மணல்மேல் படிந்து செல்லும், தடமும் சிதையாது. குன்றின் மறுபுறம் வருவோர் காணும்பொருட்டு ஊர்தியில் உயர்ந்த கொடி கட்டுதல் வேண்டும். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிற்கு எரிபொருள் கிடைக்காது. மணலில் அதன் செலவும் மிகுதி. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் நீர் வேண்டும். தாமதத்திற்கென மேலும் சில நாள்களுக்கு உரிய நீரும் உணவும் தனியே இருத்தல் வேண்டும். புறப்படும் நாள், செல்லும் வழி, திரும்பும் நாள் ஆகியவற்றை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும்.

'செயற்கைக்கோள் தொலைபேசி வந்துவிட்டதே! இனி அச்சம் எதற்கு?' எனச் சிலர் வினவலாம். அக்கருவி தேவையானதே, மறுப்பாரில்லை. ஆயினும் அது உதவியை அழைக்குமேயன்றி, உதவி வந்து சேரும்வரை உயிரைக் காக்காது. அழைப்புக்கும் வருகைக்கும் இடைப்பட்ட அந்நெடும்பொழுதில் காப்பது குடத்து நீரும் பொறுமையுமே. மேலும், ஆயத்தமின்றிச் சென்ற ஒருவரை மீட்கப் பலர் தம் உயிரைப் பணயம் வைக்க நேர்கிறது. தன் துணிச்சலுக்குப் பிறரை விலை கொடுக்கச் செய்வது வீரமாகாது.

பாலை யாருக்கும் பகையன்று. எவருக்கும் சலுகை காட்டுவதுமன்று. அதனை வென்றேன் என்பான் அதனை அறியாதவன். பாதி வழியில் நீரும் எரிபொருளும் குறைவெனக் கண்டு திரும்பி வருபவனைத் தோற்றவன் எனல் தகாது. அவனே பாலையை முறையாகப் படித்தவன்.