கனத்த கோப்பும் மூடிய கதவும்

எம்மிடம் வந்த கமக்காரர் ஒருவர், தமது காணி உறுதியின் பத்துப் பக்கங்களையும் படம்பிடித்து, ஒரு பொதுக் கந்தோரின் இணையத்தளத்திலே ஏற்ற முற்பட்டார். நெடுநேரம் காத்திருந்தபின் படிவம் வெறுமையாய்த் திரும்பிற்று. "பெயரை நிரப்புக" என்ற ஆங்கிலக் கட்டளை மட்டும் சிவப்பிலே நின்றது. நிரப்பாதவர் அவரா?

விசாரித்தோம். பி.எச்.பி. மொழியில் அமைந்த தளங்களில், ஒரே தடவையில் அனுப்பும் தரவுக்கு இயல்பாயுள்ள எல்லை 8 மெகாபைட். அதனைத் தாண்டினால், கோப்பு மட்டுமன்று, உடனெழுதிய பெயரும் விலாசமுங்கூட நிரலுக்கு எட்டாமலே மறைந்துவிடும். என்ஜின்எக்ஸ் சேவையகமோ, மாற்றியமைக்காவிடின், 1 மெகாபைட்டிலேயே கதவடைத்து, 413 என்னும் இலக்கத்தோடு ஓர் ஆங்கில வரியை வீசும். தமிழும் ஆட்சிமொழியென 1987இல் அரசியலமைப்பைத் திருத்திய நாடன்றோ இது!

எல்லை வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. எல்லையற்ற வாயில் சேவையகத்தையே மூழ்கடிக்கும். அதனை முன்கூட்டியே படிவத்தில் எழுதிவைப்பதில் என்ன கஷ்டம்? கோப்பின் பருமனை அனுப்புமுன்னரே உலாவியில் அளந்து கூறச் சில வரி நிரல் போதும். அச்சோதனையைத் தவிர்த்து வருவோரும் உளராதலின், சேவையகமும் அளந்தே தீரவேண்டும். அளந்தபின், நிரப்பிய விபரங்களை அழியாது காத்து, "உமது கோப்பு 11 மெகாபைட், எல்லை 8" என்று தமிழிலே சொல்லட்டும். காரணங் கூறாது மனுவைத் தள்ளும் நீதவானை மேன்முறையீட்டில் வினவலாம். இவ்வியந்திரத்தை எம்மன்றில் வினவுவது?

அவரது விண்ணப்பத்துக்கு மறுநாளே முடிவுத்திகதி. படங்களைச் சிறிதாக்கி, இரவு பதினொரு மணிக்கு நாமே அனுப்பிவைத்தோம்.