விலகி நிற்கும் பண்பு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. புள்ளியியல்)

நம் ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளில் ஓடும் ராக்கி லினக்ஸ், ரெட் ஹேட் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் லினக்ஸை ஒத்தது. ஒவ்வொரு பதிப்பையும் 10 ஆண்டுகள் பேண வேண்டியிருப்பதால் அந்நிறுவனம் மென்பொருள்களை அளந்தே தருகிறது. புள்ளியியலுக்கு இன்றியமையாத 'ஆர்' அதில் இல்லை. ஃபெடோரா தன்னார்வலர்களின் 'ஈப்பெல்' களஞ்சியத்திலிருந்து பெற வேண்டும்.

"கேட்பாரற்ற சரக்கு" எனச் சிலர் அதை ஒதுக்குகின்றனர். ரெட் ஹேட் அதற்குப் பொறுப்பேற்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் நிறுவனம் தரும் அடிப்படை மென்பொருள்களின்மீது ஈப்பெல் கைவைப்பதில்லை. தான் தருவதையே நிறுவனமும் தரத் தொடங்கினால் விலகிக்கொள்கிறது. (நம் விடுதிப் பந்தியில்கூட இப்பண்பைக் காணோம்!)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். விலைக்கு வரும் புள்ளியியல் மென்பொருளை வாங்க எனக்கு வழியில்லை. ஈப்பெல்லை நீக்கினால் என் செய்முறைப் பாடம் நின்றுவிடும். ஐயப்படும் நண்பர்களே, ஈப்பெல்லின் சோதனைக் களஞ்சியத்தில் வருவதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லலாமே? அதற்கு மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றே போதும்.