வண்டிக் கட்டம் யாருடையது?



தோட்டத்து லயத்தில் இருந்தவரை வண்டி நிறுத்துவது ஒரு கவலையே அல்ல. மோட்டார் சைக்கிளை வாசலோரம் சாய்த்து வைப்போம். கார் வாங்கியவர் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திக்கொள்வார். பட்டணத்து அடுக்குமாடியில் அது நடக்காது. அங்கே வண்டி நிற்கும் இடத்துக்கும் எழுத்து வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். சேமநிதிப் பணத்தைப் போட்டு, ஒருவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டை வாங்கினார். மகன் வேன் ஓட்டிப் பிழைப்பவன். விற்றவர் கீழே அழைத்துப்போய், எண் எழுதிய கட்டத்தைக் காட்டி, "இதுவும் வீட்டோடு சேர்ந்ததுதான்" என்றார். நம்பினார்கள். குடிபோன இரண்டாம் மாதம் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் கட்டம் பொதுச் சொத்தாம். பழையவர் மாத வாடகை கட்டித்தான் வைத்திருந்தாராம். இனி அது வேறொருவருக்கு. ஒப்பந்தத்தில் கட்டத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இன்று அந்தப் பிள்ளை வேனைச் சாலையோரம் விட்டுவிட்டு, சம்மனுக்குப் பயந்துகொண்டே தூங்குகிறான்.

இந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம். கட்டங்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, மலாயில் 'பெத்தாக் அக்செசோரி' எனப்படும் துணைப் பகுதி. இது உங்கள் வீட்டு ஸ்ட்ராத்தா கிராண்டிலேயே எண்ணோடு பதிவாகியிருக்கும். வீட்டை விற்றால் அதுவும் சேர்ந்தே போகும். 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டப்படி இதை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது. ஆகவே, "என் கட்டத்தை மட்டும் ஐயாயிரம் வெள்ளிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அண்டை வீட்டார் சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் வகை, 'ஹார்த்தா பெர்சாமா' எனப்படும் பொதுச் சொத்து. இது எல்லா வீட்டுக்காரருக்கும் பொது. இதில் நிறுத்த நிர்வாகம் அனுமதி கொடுக்கலாம், வாடகையும் வாங்கலாம். எத்தனை வருடம் நிறுத்தினாலும் அது உங்கள் சொத்தாகிவிடாது. மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் கட்டங்கள் இவ்வகையே.

புது வீடு வாங்குகிறீர்களா? மேம்பாட்டாளரின் ஆள் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டத்தின் எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, இணைத்துள்ள வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீடு என்றால், முன்பணம் கட்டுமுன் நில அலுவலகத்தில் 'சாரியான் ராஸ்மி' எடுக்கச் சொல்லுங்கள். துணைப் பகுதி இருந்தால் அதன் எண் அதில் தெரியும். தரையில் பெயிண்டால் எழுதிய எண்ணும் கிராண்டில் உள்ள எண்ணும் வேறுபடலாம். ஆகவே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே போய் இடத்தைப் பாருங்கள். தனி கிராண்ட் இன்னும் வரவில்லையென்றால், விற்பவர் மேம்பாட்டாளரோடு செய்த முதல் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பொதுக் கட்டம்தான் என்று தெரிந்தால், நிர்வாக அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்கு எத்தனை கட்டம்? மாதம் எவ்வளவு? புதிதாக வாங்குபவருக்கும் அந்த அனுமதி உண்டா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தோடு தகராறு வந்தால், 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஆனால் இடம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை அங்கே தீர்க்க முடியாது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். காலமும் காசும் கரையும்.

ஒரு சோடித் தோடு வாங்கினாலும் உரசிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆயுள் உழைப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு அந்த நிதானம் வேண்டாமா? கையெழுத்துப் போடும் நாளில் உங்கள் வழக்கறிஞரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஐயா, வண்டிக் கட்டம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.