கோஸ்ட் ராஞ்ச்: இனாமாகக் கொடுத்தது சரிதான்

நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வடக்கே இரண்டு மணி நேரம் காரோட்டி, அபிக்யூவுக்கு அருகிலுள்ள கோஸ்ட் ராஞ்ச் பண்ணைக்கு அழைத்துப் போய்விடுவேன். முதல் கேள்வி, "பேய் இருக்கா?" களவாடிய மாடுகளை அங்கே அடைத்துவைத்த ஆர்ச்சுலேட்டா சகோதரர்கள், யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்கக் கட்டிவிட்ட கதை என்பார்கள். அடுத்தது, "ஓபன்ஹைமர் படம் எடுத்த இடமாமே?" ஆமாம், லாஸ் அலமோஸ் செட்டை இங்கேதான் போட்டார்கள்.

இந்த 21,000 ஏக்கரும் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. 1955இல் இதன் உரிமையாளர் ஆர்தர் பேக், பிரெஸ்பிட்டீரியன் திருச்சபைக்கு இனாமாக எழுதிக்கொடுத்துவிட்டார். 1940இலேயே அவரிடம் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கிக் குடியேறியிருந்த ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப்புக்கு இதில் கடும் கோபம். தனிமை தேடி வந்தவருக்குக் கூட்டம் பிடிக்குமா? ஆனாலும் நான் பேக் பக்கம்தான். ஓ'கீஃப்பின் அந்த வீடு இன்று அவர் பெயரிலான அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. சபைக்குப் போன நிலத்திலோ யார் வேண்டுமானாலும் தங்கலாம். அறை எளிமையானது, டிவி கிடையாது. மதம் பார்ப்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் ரூத் ஹால் தொல்லுயிர் அருங்காட்சியகம். 1947இல் தொல்லுயிரியலாளர் எட்வின் கோல்பெர்ட்டின் குழு இந்தப் பண்ணையில் தோண்டியபோது, சீலோஃபைசிஸ் என்ற சின்ன டைனோசரின் எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. இருபது கோடி ஆண்டுக்கும் பழையவை. பல டன் எடையுள்ள பாறைத் துண்டு ஒன்றை அப்படியே கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் சிவந்த கல்லுக்குள் கொக்குக் கால் போல மெல்லிய எலும்புகள். உள்ளே துளையுள்ளவை, பறவைக்கு இருப்பதுபோல. இங்கிருந்து நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போன பாறைத் துண்டுகளில் சில, பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட, டைனோசரே அல்லாத ஊர்வன ஒன்றுக்கு 2006இல் ஓ'கீஃப் பெயரை வைத்தார்கள். அந்த அம்மையார் பெயர் எதையும் விட்டுவைப்பதில்லை!

என் குறையும் அதுதான். பண்ணையின் சின்னமே அவர் வரைந்த மாட்டு மண்டையோடு. அவர் வரைந்த பாறைகளைக் காட்டக் கட்டணச் சுற்றுலா நடக்கிறது. ஆனால் இந்த வெளி, 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அரசு மானியமாகக் கொடுத்த மேய்ச்சல் நிலம். அபிக்யூவில் இருப்பவர்களில் பலர், சிறைபிடிக்கப்பட்டு ஸ்பானியர் வீடுகளில் வேலைக்கு வைக்கப்பட்ட பழங்குடிகளின் வழிவந்தவர்கள். ஓவியருக்குத் தரும் இடத்தில் பாதியாவது அவர்களுக்குத் தரவேண்டும். வழிகாட்டி வேலைக்கு முதலில் அபிக்யூ ஆட்களை நல்ல சம்பளத்தில் எடுக்கட்டும். பாட்டன் மாடு மேய்த்த ஓடையைப் பேரன் காட்டட்டும். டிக்கெட் விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் என் விருந்தாளிகள் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் நான் கொடுக்கிறேன்.