ஜன்னலைச் சாத்தச் சொல்கிறவர்களுக்கு

கோடை வந்தாலே எங்களுக்கு 2022 நினைவுக்கு வருகிறது. அந்த ஏப்ரல் 27 அன்று சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு எரிந்தது. அங்கே பத்து நாளுக்கும் மேல் புகை. காட்டுத்தீயோ குப்பைத்தீயோ, மக்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: வெளியே வராதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மாஸ்க் போடுங்கள்.

தவறான அறிவுரை இல்லை. புகையிலுள்ள பிஎம் 2.5 துகள் தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கும். ஆனால் இது யாருக்கான அறிவுரை? ஒரே அறை, தகரக் கூரை, சித்திரை வெயில். கதவைச் சாத்தினால் உள்ளே வேக வேண்டியதுதான். அதே அறையில் அடுப்பும் எரிகிறது, கொசுவர்த்தியும் புகைகிறது. வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. எரியும் மேட்டின்மேல் நிற்கும் தூய்மைப் பணியாளர் எந்த ஜன்னலைச் சாத்துவார்?

தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கிராமத்தில் சேரியை ஒதுக்கிய அதே புத்திதான் நகரத்தில் குப்பை மேட்டுக்கு இடம் தேடுகிறது. வடசென்னைக்குக் கொடுங்கையூர் கிடைத்தது இப்படித்தான்.

ஈரத்துணி கட்டினால் போதும் என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். போதாது. இந்த நுண்துகளைத் துணி தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 தடுக்கும். ஒப்பந்தத் தொழிலாளர், குப்பை பொறுக்குவோர் உட்பட எல்லோருக்கும் அதை மாநகராட்சி தர வேண்டும். புகை நாளுக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் வந்து தங்க, காற்றுச் சுத்திகரிப்பானோடு ஒரு பள்ளிக்கூட அறையையாவது திறந்து வைக்க வேண்டும்.

காற்றை அளக்கும் கருவியும் கிடங்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது காட்டும் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிஎம் 2.5 அளவு 50 என்றால் இந்தியக் குறியீட்டில் 'திருப்திகரம்'. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வைத்திருக்கும் வரம்போ 15. யாருக்குத் திருப்தி என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தீப்பிடிக்கும் வரை காத்திருக்காமல், எந்த வீட்டில் ஆஸ்துமா, யார் கர்ப்பிணி, யார் படுக்கையில் என்று இப்போதே தெருத்தெருவாக எழுதி, பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். இன்ஹேலர் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அதை வாங்கி, மருந்து மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் பாட்டி பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.