தஞ்சாவூர் போகும் ஸ்கூட்டர்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தேன். சத்திரத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் கல்லூரியில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி அதே ஊரில் பாங்கி உத்தியோகம் பார்க்கும்போது, சத்திரத்துப் பாயில் யார் படுத்துக்கொள்வார்கள்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். "நீதான் பத்திரிகைக்காரி ஆச்சே! இதைப் படித்துவிட்டு ஓர் அபிப்பிராயம் சொல்லு" என்றாள். கதை எழுதியிருக்கிறாளோ என்று பயந்துபோனேன். நல்ல வேளை, கதை இல்லை, ஜாபிதா. புது ஸீட், முதுகுக்குச் சாய்மானம், காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் மாட்டும் பெட்டி, பாட்டுக் கேட்க ஒலிபெருக்கி, கலர் விளக்கு, கைப்பிடிக்கு மெத்தை உறை, புது ஷாக் அப்ஸார்பர்... எல்லாம் அவளுடைய ஸ்கூட்டருக்கு. கையில் இருப்பது 15,000 ரூபாய். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது?

"யார் எழுதியது?" என்றேன்.

"அண்ணன் பையன். அமெரிக்காக்காரர்கள் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிற படங்களைப் பார்த்துத் தயார் பண்ணியிருக்கிறான். கலர் விளக்குக்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறான், பார்!"

அவளுடைய ஸ்கூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் இணைத்த வண்டி. எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம் வருகிறது. ஆனாலும் ஊரில் பலரும் அதை 'மூணு சக்கர ஸ்கூட்டர்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குகிறதே, அந்த ரகம். இவள் சொந்தப் பணத்தில் வாங்கிச் சக்கரம் பொருத்திக்கொண்டாள். இரண்டு வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலுக்கு இரும்புப் பட்டையும், கைக்கு ஓர் ஊன்றுகோலும் உண்டு.

இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் அதற்கு முன்னால் போலியோ வந்தவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். உத்தியோகம் பார்க்கிறார்கள், வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அந்த அம்மாவில்தான் விஷயமே இருக்கிறது. மேல வீதியில் தனியாக இருக்கிறார். திருச்சிக்கு வந்துவிடுங்கள் என்றால், "என் கொல்லைக் கிணற்றையும் கூடவே கொண்டு வருவாயா?" என்று கேட்கிறவர். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் பாங்கிக்கு விடுமுறை. அன்று காலையில் இவள் ஸ்கூட்டரில் புறப்பட்டு, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் போய், ராத்திரி தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். ஆறு வருஷமாக நடக்கிறது.

"இனிமேல் போகமாட்டேன் என்று நினைக்கிறேன்" என்றாள், காகிதத்தை மடித்துக்கொண்டே. "போய் வந்தால் இரண்டு நாளைக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. அண்ணா கோயமுத்தூரிலிருந்து வாடகைக் காருக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். பஸ்ஸில் போகலாம் என்றால் முதல் படியே என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். காரில் போனால் மட்டும் என்ன? டிரைவர் எப்போது வருவார், எப்போது திரும்ப வேண்டும் என்பார், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் தனியாகப் போய் வர முடிகிற ஊர் அது ஒன்றுதானடி."

வைத்தியர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். ஊன்றுகோல் பிடிக்கிறவர்களுக்குத் தோள்தான் கால். முப்பது வருஷத்துக்கும் மேலாக உடம்பின் பாரத்தைச் சுமந்த மூட்டு அது. போலியோ வந்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து மறுபடியும் பலவீனமும் களைப்பும் வருவது உண்டு. வண்டி ஓட்டித் தோளைக் கெடுத்துக்கொண்டால், அப்புறம் சமையலறை வரைக்கும்கூட நடப்பது கஷ்டம்.

அப்படியானால் ஜாபிதாவில் எது முதல் என்று ஒலிபெருக்கிக் கடைக்காரரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தோளைத்தான் கேட்க வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. முகூர்த்தம் முடிந்ததும் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. "எங்கே எந்த இடத்தில் வலிக்கிறதோ, அப்போதைக்கப்போது சொல்லு. நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். எத்தனையோ பிரமுகர்களின் பிரசங்கங்களைக் குறித்துக்கொண்ட என் பென்ஸிலுக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது.

திருவெறும்பூர் வரை ஒன்றும் இல்லை. துவாக்குடி தாண்டியதும் "வலது தோள்" என்றாள். கொஞ்ச தூரத்தில் "மணிக்கட்டு". செங்கிப்பட்டி வருவதற்குள் தோள் மூன்று தடவை வந்துவிட்டது. வல்லத்தில் "இடுப்பு". காற்று அடிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கலர் விளக்கு இல்லையே என்றும் சொல்லவில்லை!

தோள் ஏன் வலிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சிக்குத் திரும்பியதும் பட்டறைப் பெரியவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, சக்கரம் இணைத்ததை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருக்கிறதா என்று. பதிந்திருக்கிறது. அப்புறம்தான் வண்டியைத் தொட்டார். பேச்சு வாக்கில் அவர் சொன்னதை எழுதுகிறேன். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் சாய்கிறது. ஓட்டுகிறவரும் கூடவே சாய்வதால் உடம்பின் பாரம் நேராக ஸீட்டிலேயே இறங்குகிறது. பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயாது. திருப்பத்தில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். விழாமல் இருக்க எதைப் பிடித்துக்கொள்வது? ஹாண்டிலைத்தான். அப்புறம் ரோடு. தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். சாதாரண ஸ்கூட்டர் அதில் நேராக நிற்கும். இது ரோட்டோடு சேர்ந்து இடது பக்கம் சரிந்து, அந்தப் பக்கமே இழுக்கும். 55 கிலோமீட்டரும் கையால் எதிர்த்துப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். பள்ளத்தை ஒதுக்கி ஓட்டலாம் என்றாலும் முடியாது. முன் சக்கரம் தப்பித்துக்கொள்ளும். பக்கச் சக்கரம் 'தடால்' என்று இறங்கும்.

இதெல்லாம் வண்டியின் சுபாவம். ஆனால் சுபாவத்தோடு அசிரத்தையும் சேர்ந்திருந்தது. "ஏம்மா, இந்தச் சின்னச் சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்றார் பெரியவர். இவள் என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். இடது சக்கரத்தில் காற்று பாதிதான் இருந்தது. போதாதென்று ரோடே இழுக்கிற பக்கம் வண்டியும் இழுத்திருக்கிறது! காற்றை அடித்து, இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு நட்டை முடுக்கினார். செலவு சொற்பம்.

இன்னொன்றை நான் கண்டுபிடித்தேன். (பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்; வேறு சந்தர்ப்பம் எனக்கு வாய்க்காது.) ஊன்றுகோலை அவள் கால் வைக்கும் பலகையில் நிறுத்தி, இடது தொடைக்கும் ஸீட்டுக்கும் நடுவே சொருகிக்கொள்வது வழக்கம். அதனால் உட்காரும்போதே உடம்பு வலது பக்கம் ஒதுங்கிக் கோணிக்கொள்கிறது. ஆறு வருஷமும் கோணலாகவே தஞ்சாவூருக்குப் போயிருக்கிறாள்! வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கவ்விகள் வைத்து ஊன்றுகோலை அதில் மாட்டச் செய்தோம். ஜாபிதாவில் அது இல்லவே இல்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஸீட். ஏன் அது அடுத்தது என்றால், பழைய ஸீட் முன்பக்கம் சரிந்திருந்தது. வழுக்கி முன்னால் வருகிற உடம்பைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பாரம் மறுபடியும் தோளுக்குத்தான். ஸீட் தைக்கிறவரிடம் கொடுத்தோம். இங்கே ஒரு தவறு நடந்தது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, பஞ்சு மாதிரி இருந்த மெத்தையை நாங்கள்தான் பொறுக்கிக் கொடுத்தோம். உட்கார்ந்த அரை மணியில் அது அமுங்கி, அடித் தகடு எலும்பில் இடித்தது. திருப்பிக் கொண்டுபோனபோது அவர் சிரித்துவிட்டு, "அமுக்கிப் பார்க்க நல்லா இருக்கிறது உட்கார நல்லா இருக்காதும்மா" என்று கெட்டியான ஃபோம் வைத்து, பின்பக்கம் அகலமாக, சரிவில்லாமல் தைத்துக் கொடுத்தார். உட்காருகிற இடத்தில் தையல் வராமலும் பார்த்துக்கொண்டார். கறுப்பு ரெக்ஸினை வெயிலில் தொட முடியாதென்பதால் மேலே ஒரு துணி உறை.

ஸீட் விஷயத்தில் ஒரு வார்த்தை. போலியோ வந்த காலுக்குப் பலம்தான் குறையுமே தவிர உணர்ச்சி போவதில்லை. வலித்தால் தெரியும், நகர்ந்து உட்காரலாம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பலருக்கு வலியே தெரியாது. ஒரே இடத்தில் பாரம் அழுந்தி அழுந்திப் புண் ஆகிவிடும், ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். வலி சொல்லும் என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது. வீட்டில் அப்படி யாராவது வண்டி ஓட்டினால், வைத்தியரைக் கேட்டு ஸீட்டைத்தான் முதலில் கவனியுங்கள். கடிகாரம் பார்த்து அடிக்கடி பாரத்தை மாற்றி உட்காரச் சொல்லுங்கள்.

ஸீட்டுக்குப் பிறகு சாய்மானம். நாற்காலி மாதிரி உயரமாக வேண்டாம், இடுப்பைத் தாங்கினால் போதும் என்றார் பெரியவர். ஸீட்டில் அடிக்காமல், வண்டியின் சட்டத்திலேயே கெட்டியாக முடுக்கிக் கொடுத்தார். இடுப்பு நின்றால் கை ஹாண்டிலைத் தொங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

கைப்பிடிக்கு மெத்தை உறை வாங்கியது தண்டம். பருமன் கூடியதால் விரல்கள் அதிகமாக வலித்தன. இரண்டே நாளில் கழற்றிவிட்டாள்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்கு மட்டும் நான் ஆட்சேபம் சொன்னேன். அமெரிக்காவில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் புதிதல்ல. ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியார் 1932 முதல் 1973 வரை ஒன்று செய்தார்கள். போலீஸ்காரர்கள் அதில் போய், தவறான இடத்தில் நின்ற கார்களுக்கு அபராதச் சீட்டு வைத்தார்கள். 2009-ஆம் வருஷ வண்டிகளோடு, நெடும் பிரயாணத்துக்கென்றே பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முழங்கால் பலம் குறைந்த வயோதிகர்களும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாகாணம் மாகாணமாகப் போக முடிகிறது. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், பனிக்காற்று. கண்ணாடி இல்லாமல் முடியாது. கைப்பிடியைச் சூடு பண்ணுவதற்குக்கூடக் கருவி வைத்துக்கொள்கிறார்கள். திருவெறும்பூர் வெயிலில் கைப்பிடியைச் சூடு பண்ணத் தனியாகக் கருவி வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்! மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவளுக்கு அந்தக் காற்று ஒன்றுதான் குளுமை. அதையும் ஏன் தடுப்பது?

நான் சென்னைக்குத் திரும்பிய பிறகு அவள் மட்டும் தனியாகத் தஞ்சாவூர் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டெலிபோன் செய்தாள். தோள் செங்கிப்பட்டிக்கு அப்பால்தான் நினைவு வந்ததாம். அதுவும் இறங்கிப் பத்து நிமிஷம் மரத்தடியில் நின்றதும் சரியாகிவிட்டதாம். வலியே இல்லை என்று அவள் சொல்லவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதுவரை செலவானது 4,000 ரூபாய்க்குள்தான். ஷாக் அப்ஸார்பரைப் பற்றி மழைக்காலத்துக்கு அப்புறம் யோசிப்பதாக உத்தேசம்.

"அம்மா புது ஸீட்டைப் பார்த்து என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஸீட்டை எங்கே பார்த்தாள்? சாய்மானக் கம்பியைப் பார்த்தாள். 'பை மாட்ட நல்ல இடம்' என்று வடாம் ஒரு பை, நார்த்தங்காய் ஒரு பை, கொல்லை முருங்கைக்காய் ஒரு கட்டு, எல்லாவற்றையும் அதில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். வல்லம் வரைக்கும் முருங்கைக்காய் முதுகைக் குத்திக்கொண்டே வந்தது. அடுத்த மாதம் அந்தப் பெட்டியை வாங்கிவிட வேண்டியதுதான்."

அண்ணன் பையனுக்குத் தகவல் போயிருக்கிறது. பெட்டியில் கலர் விளக்கு வைத்து வருகிறதா என்று விசாரிக்கிறானாம்.