உன் பேரைப் போட நீ என்ன பூசுனே?



ஆண்டு மலரில் எல்லோரும் சாதனையைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு தப்பைப் பற்றி எழுதப்போகிறேன். தப்பில் பாதி என்னுடையது.

போன டூரில் செஞ்சிக் கோட்டைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதல்லவா? ராஜகிரி அடிவாரத்துப் புல்வெளியில் மரநிழல் பார்த்து உட்கார்ந்து புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பாதியைக் குரங்கு கொண்டுபோனது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். கல்யாண மகாலில் ஒரு நண்பன், "மச்சி, கூரா ஏதாச்சும் இருக்கா?" என்றான். என் டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவன் பேர், இன்னொரு பேர், நடுவில் ஒரு அம்பு... இரண்டே நிமிஷம். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சிரிப்பாகச் சொன்னேன். அப்பா கொத்தனார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவர் சிரிக்கவில்லை.

"அது சுண்ணாம்புப் பூச்சுடா. சுண்ணாம்பை நீத்தி, மணலோட செக்குல அரைச்சு, கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணி விட்டுப் பூசணும். ஒரு சுவரு மினுங்க கை எத்தனை நாள் தேயணும் தெரியுமா? உன் பேரைப் போட நீ என்னடா பூசுனே?"

என்னிடம் பதில் இல்லை.

கோட்டையைப் பிடித்தவர்கள் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயப் படை 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்டார். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். சரி, அந்தச் சுவரைப் பூசியவன் பேர் என்ன? கல்யாண மகாலின் மேல் அடுக்கு வரைக்கும் சுடுமண் குழாயிலேயே தண்ணீர் ஏற்றினானே, அவன் பேர் என்ன? ஹைட்ராலிக்ஸ் தாளில் பாஸ் மார்க்குக்குத் திண்டாடும் நாம், அந்தக் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டோம்!

"ஏற்கெனவே ஆயிரம் பேர் கிறுக்கியிருக்கான், நாம ஒருத்தன் போட்டா கோட்டை இடிஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். இடியாதுதான். ஆனால் பூச்சு கீறினால் மழைத்தண்ணீர் இறங்கும். ஈரத்தில் செடி முளைக்கும். வேர் கல்லைப் பிளக்கும். இது சிவில் மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமா? 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010-ல் தண்டனையைக் கூட்டியும் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராத்தியக் கோட்டைகளைச் சேர்த்தார்கள். 11 மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி.

ஜெயிலுக்குப் பயந்து இதை எழுதவில்லை. டிப்ளமோ என்றால் இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறோம். கையால் வேலை செய்தவனின் வேலையை நாமே கீறினால், நம்மை யார் மதிப்பார்கள்?

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டூரும் செஞ்சிக்கே போகட்டும். சோறு, போட்டோ எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம், சார்கள் யாராவது அனுமதி வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் ஒரு இடத்தை அளந்து படம் வரையட்டும். அந்தப் படத்தின் கீழே தாராளமாக நம் பேரைப் போடலாம்.

அந்த நண்பனுக்கு: கோவிச்சுக்காதே மச்சி. கை உன்னுது, சாவி என்னுது. அடுத்த தடவை நான் டேப் கொண்டுவரேன். நீ ஒரு முனையைப் பிடி.

– இரண்டாம் ஆண்டு, சிவில்